திறக்காத பை

இடைசெவல் வழி, கோவில்பட்டி
6 ஜூலை 2025

அன்புள்ள சத்யபிரியாவுக்கு,

நான் தீப்பெட்டி ஆபீஸைப் பூட்டவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் உன் சுகத்தை விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் இன்டர்நெட் படிப்பது எனக்குப் பொறுக்கவில்லை, வாடகைக்கு ஆசைப்பட்டுக் கதவை அடைத்துவிட்டேன் என்று கோவில்பட்டி வரைக்கும் பேசுகிறார்களாம். பால் சொசைட்டியில் என் காதுபடவே இசக்கிதுரை சொன்னான்: "மொதலாளியம்மாவுக்கு ஈமெயிலுன்னா ஈ மொய்க்கித பண்டம்னு நெனப்பு." சிரித்தவர்களில் பாதிப் பேர் உன் மாமனாரிடம் தீப்பெட்டி ஒட்டிச் சம்பளம் வாங்கியவர்கள்.

நடந்தது இது. நம் ஊரில் டவர் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். கார்த்தி வேலை பார்த்த கம்பெனியின் ஆட்கள் தங்களுக்குள் நிதி திரட்டி, கயத்தாறிலிருந்து கேபிள் இழுத்து, மூடிக் கிடந்த நம் தீப்பெட்டி ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர் வைத்தார்கள். கட்டடம் கொடுத்தவள் நான். மையம் நடக்கிறது, பொன்மணி சொல்லிக்கொடுக்கிறாள். நான் நிறுத்தியது ஒரு கல்லை மட்டும். வாசலில் பதிக்க வந்த கறுப்புக் கல்லில் 'அமரர் பூ. கார்த்திகேசன் நினைவு இணைய மையம்' என்று வெட்டியிருந்தது. வந்த வண்டியிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பினேன்.

வடக்கே பனிமலையில் கேபிள் போடப் போன இடத்தில் வெள்ளம் ஜீப்பை இழுத்துப்போய் இந்த ஆவணியோடு ஏழு வருஷம். ஜீப் கிடைத்தது. டிரைவர் கிடைத்தார். என் மகன் கிடைக்கவில்லை. கிடைக்காதவனை அமரர் என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது? தேடிப் போய்த் திரும்பிய உன் மாமனார் அந்த ஏக்கத்திலேயே போனார். அவர் படத்துக்கு மாலை போட்டேன். கார்த்தி படத்துக்குப் போட மாட்டேன்.

நீயும் உறுதியாக இரு. யார் சொன்னாலும் பொட்டையும் தாலியையும் எடுக்காதே. அவன் தங்கியிருந்த அறையிலிருந்து வந்த பையை, நான் அன்றைக்குச் சொன்னபடி, திறக்காமல் வைத்திரு. அது அவன் பை. வந்து அவன் திறப்பான்.

எனக்குச் சாப்பாடு, தூக்கம், கண் எல்லாம் சரியாக இருக்கின்றன. நீ வேளைக்குச் சாப்பிடு.

அத்தை,
ஜானகியம்மாள்


பெங்களூர்
21 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆபீஸில் ஆடிட் நேரம், அதனால் தாமதமாகிவிட்டது. நீங்கள் பூட்டிவிட்டதாக என்னிடமும் சொன்னார்கள். அத்தை அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றுதான் சொன்னேன்.

தங்கப்பாண்டியன் அண்ணன் பேசினார். கல்லைப் பற்றிக் கேட்டார். அத்தையிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். கூட வேலை பார்த்தவர்கள். ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவிக்கிறார்கள்.

பை பீரோவுக்கு மேல் இருக்கிறது.

நீங்களும் ஒரு நாள் மையத்துக்குப் போய் உட்காரலாமே. வீட்டு போனும் செத்துவிட்டது. கடிதம் வருகிற வரைக்கும் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றே எனக்குத் தெரிவதில்லை. மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

வணக்கத்துடன்,
சத்யபிரியா


இடைசெவல் வழி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் படித்த கான்வென்டில் இப்படி எழுதிக் கொடுத்தால் சிஸ்டர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மையத்துக்குப் போனேன். ஒழுங்காகக் கூட்டிப் பெருக்குகிறார்களா என்று பார்க்கத்தான் போனேன். சுவரில் தீக்குச்சி மருந்து வாடை இன்னும் இருக்கிறது. முன்பு நம்மிடம் பெட்டி ஒட்டிய வெயிலம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதியோர் பென்ஷனுக்கு அவள் விரல் ரேகையை மெஷின் எடுக்கவில்லையாம். காலமெல்லாம் பசையில் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? விரலுக்குப் பதில் கண்ணைப் பதிவு செய்யலாம் என்று பொன்மணி கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்து, நின்றுபோன பென்ஷனை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து வெயிலம்மாள் வகுப்புத் தவறுவதில்லை.

என்னைப் பார்த்ததும், "ஏட்டி பொன்மணி, மொதலாளியம்மாவுக்கு நாக்காலி போடுட்டி. இன்னைக்கி அவிய நம்மகிட்ட வேலைக்கி வந்திருக்காவ" என்றாள்.

"நான் பார்க்க வந்தேன்" என்றேன்.

"பாத்தா வராதும்மா, தொடணும். எனக்கும் மொதல்ல ஷாக்கடிக்கும்னுதான் பயம்."

உட்கார்ந்துவிட்டேன். டைப்ரைட்டிங் படித்த கைக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கோவில்பட்டிக்குப் போய்க் கைபேசியும் வாங்கினேன். கடையிலேயே வாட்ஸப் போட்டுக் கொடுத்தார்கள். மையத்துக்குள் வந்தால்தான் அது வேலை செய்கிறது.

முதல் செய்தி யாருக்கு என்று பொன்மணி கேட்டாள். கார்த்தியின் எண்ணைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது. "போடு" என்றேன். அவன் படம் வந்தது. மலைக்கு முன்னால் நின்று சிரிக்கிறான். நான் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறான். இந்த வெக்கையில் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு நான் பின்னியபோது உன் மாமனார், "கரிசக்காட்டுல ஸ்வெட்டர் பின்னுத ஒரே பொம்பளை நீதான்" என்று கேலி செய்தது நினைவிருக்கிறதா?

'அன்புள்ள கார்த்திக்கு' என்று தொடங்கிக் கையெழுத்து வரைக்கும் முறையாக எழுதி அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. பொன்மணி என் முகத்தைப் பார்க்காமல் விளக்கினாள்: "ஒண்ணுன்னா இங்கேருந்து போயிருச்சு. ரெண்டுன்னா அங்கன போயிச் சேந்துருச்சு. ரெண்டும் நீலமாச்சுன்னா படிச்சிட்டாவன்னு அர்த்தம்மா."

ஒன்றோடு நிற்கிறது. நிற்கட்டும். அவனுடைய கைபேசி எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். அவன் இருக்கிற இடத்தில்தான் அதுவும் இருக்கும்.

நான் சௌக்கியம்.

அத்தை


சென்னை
2 செப்டம்பர் 2025

அம்மாவுக்கு, தங்கப்பாண்டியன் பணிவுடன் எழுதுவது. உடல்நலத்தைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கல்லைத் திருப்பியதற்கு எனக்குக் கோபம் இல்லை. உங்களிடம் கேட்காமல் வெட்டியது எங்கள் தவறுதான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நிதி, வேலையில் இருக்கும்போது இறந்த எங்கள் ஆட்களின் பெயரில், அவரவர் ஊருக்குச் செய்வதற்காகத் திரட்டியது. பொன்மணியின் சம்பளம், கேபிள் கட்டணம், கரண்ட் பில் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பெயருக்குக் குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் அடுத்த மூன்று வருஷத்துக்கு ஒதுக்க முடியாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. டிசம்பர் கடைசி வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் நிதி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

'நினைவு' என்று இல்லாமல் வெறும் பெயரை மட்டும் போடலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். விதியில் இடமில்லை என்றார்கள்.

அம்மா, கயத்தாறுக்காரன் நான். அந்த மையம் மூடினால் நம் பெண்கள் ஒரு சர்டிபிகேட்டுக்குப் பழையபடி ரெண்டு பஸ் மாற வேண்டும். கார்த்தி அண்ணனுக்கு அது பிடிக்காது. உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறேன்.

தங்கப்பாண்டியன்


இடைசெவல் வழி
28 செப்டம்பர் 2025

அன்புள்ள சத்யாவுக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். நீலமாகிவிட்டது.

சனிக்கிழமை சனிக்கிழமை அவனுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒற்றை டிக்கோடு வரிசையாக நின்றன. நேற்று மையத்துக்குப் போய்ப் பார்த்தால், அத்தனையும் இரண்டு டிக், அத்தனையும் நீலம். பொன்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கைபேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமாம்மா, யாரோ தொறந்து படிச்சிருக்காவ" என்றாள். யாரோ என்ன யாரோ! அவன் எண், அவன் படம். வேறு யார் படிப்பார்கள்?

உடனே கூப்பிடச் சொன்னேன். மணி அடித்தது, சத்யா. இத்தனை வருஷமும் அந்த எண்ணை எந்த போனிலிருந்து கூப்பிட்டாலும் அணைத்து வைத்திருப்பதாகத்தான் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று மணி அடித்தது. முழுவதும் அடித்து நின்றது. எடுக்கவில்லை. எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறானோ, தலையில் அடிபட்டு நம்மை மறந்துவிட்டானோ, தெரியாது. ஆனால் படிக்கிறான்.

வெயிலம்மாள் எழுந்து குலவை போட்டுவிட்டாள். வகுப்பே நின்றுபோனது. நான் அழவில்லை.

தங்கப்பாண்டியனுக்கு எழுதிவிட்டேன்: உயிரோடு இருக்கிறவன் பேரில் நினைவுக் கல் கிடையாது, அவன் வந்து ரிப்பன் வெட்டுவான், அதுவரை பொறுங்கள் என்று. நீ லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. போலீசுக்கு மறுபடியும் மனுக் கொடுக்க வேண்டும். மனைவியின் கையெழுத்துத் தேவைப்படும்.

இப்போது கேட்கிறேன்: நீ நன்றாக இருக்கிறாய் அல்லவா? இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நன்றாக இருப்பாய்.

உன் அத்தை


பெங்களூர்
9 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு வணக்கம்.

இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அத்தை, ரொம்ப நாள் பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது உண்டு. உங்கள் செய்தியை யாரோ ஒருவர் படித்திருக்கலாம். அதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்துவிடக் கூடாது.

இப்போது வர முடியவில்லை. மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். தங்கப்பாண்டியன் அண்ணனுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொன்மணியும் வெயிலம்மாளும் என்ன செய்வார்கள்?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் வரும்போது சொல்கிறேன்.

ஊரில் மழை உண்டா? உளுந்து முளைத்ததா?

சத்யபிரியா


இடைசெவல் வழி
16 நவம்பர் 2025

சத்யபிரியாவுக்கு,

மழை பெய்தது. உளுந்து முளைத்தது. மக்காச்சோளத்தைப் பன்றி மேய்ந்துவிட்டது. நான் நலம், கண்ணும் நலம். கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். இனி என் முறை.

எண் வேறு ஆளுக்குப் போயிருந்தால் படமும் அல்லவா மாறியிருக்கும்? பொன்மணியிடம் கேட்டேன்; அவளும் அதைத்தான் சொன்னாள். என் மகன் அதே ஸ்வெட்டரோடு அதே சிரிப்போடு இருக்கிறான். தீபாவளிக்கு எழுதினேன், நீலமானது. அவன் பிறந்த நட்சத்திரத்துக்கு எழுதினேன், நீலமானது. கட்டிய மனைவி, வேறு யாரோ என்கிறாள்.

நேரில் சொல்ல வேண்டியது என்ன? உன் வீட்டில் உன்னை வேறு இடத்தில் கொடுக்கப் பேசுகிறார்களா? அப்படியென்றால் எழுது. கிழவிக்கு அதிர்ச்சியாகும் என்று சொல்லாமல் வைக்காதே. சொல்லாமல் வைப்பதை எங்கள் கான்வென்டில் பொய் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நீ நம்பிக்கையை விட்டிருந்தால் அது உன் பாடு. எனக்கு இருப்பது நம் இரண்டு பேருக்கும் போதும். அவனுக்கு எழுதுவது எனக்கும் அவனுக்கும் இடையில் உள்ளது. அதைப் பற்றி இனி உனக்கு எழுத மாட்டேன்.

ஜானகியம்மாள்


வாட்ஸப் செய்தி
29 நவம்பர் 2025, சனிக்கிழமை

அன்புள்ள கார்த்திக்கு ஆசிகள்.

அம்மாவுக்கு உடம்பு அவ்வளவு சரியில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? இடது கண்ணில் பார்வை மங்குகிறது. ஓரத்தில் கறுப்பாகத் திரை விழுகிறது. கோவில்பட்டி டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். லூமிகன் என்று பெயர். இங்கே கடையில் அடிக்கடி இருப்பில்லை. போன வாரம் தீப்பெட்டி ஆபீஸ் படியைத் தப்பாக மிதித்து விழுந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்புதான். யாருக்கும் தெரியாது. சத்யாவிடம் சொல்லாதே, வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள்.

சத்யாவை நான் கடிந்து எழுதிவிட்டேன். பதில் இல்லை. அவளுக்கும் வயது ஏறுகிறது. பொட்டை எடுக்காதே, தாலியை எடுக்காதே என்று நான்தான் அவளைக் கட்டி வைத்திருக்கிறேன். அது சரிதானா? நீ சொன்னால் கேட்பேன்.

இன்னொன்று. ஏழு வருஷமாக நான் யாரிடமும் கேட்காதது. அன்றைக்கு நீ ஸ்வெட்டர் போட்டிருந்தாயா? அந்தத் தண்ணீர் பனிக்கட்டி உருகி வருவது என்று உன் அப்பா வந்து சொன்னார். வேறு எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம்.

அம்மா


பெங்களூர்
11 டிசம்பர் 2025

அத்தைக்கு வணக்கம்.

கூரியரில் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். லூமிகன் சொட்டு மருந்து, ஆறு மாதத்துக்கு இருக்கிறது. இடது கண்ணில் மட்டும், படுக்கும் முன் ஒரு சொட்டு. வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழங்காலில் புண் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். படியில் இறங்கும்போது யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

சத்யா


இடைசெவல் வழி
5 ஜனவரி 2026

என் அன்புள்ள சத்யாவுக்கு,

மருந்து வந்தது. இடது கண்ணில் விட்டுக்கொள்கிறேன். முழங்கால் ஆறிவிட்டது.

பார்சலைப் பிரித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பொன்மணியைக் கூப்பிட்டு, "பெங்களூருக்கு நீ சொன்னாயா?" என்று அதட்டினேன். "சத்தியமா இல்லம்மா. உங்களுக்குக் கண்ணு வலியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அவள் அழப் பார்த்தாள். வெயிலம்மாளைக் கேட்டேன். "நீங்க விழுந்தீயளா? எப்பம்மா?" என்றாள். உனக்கு நான் எழுதிய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நலம், நலம் என்றுதான் எழுதியிருக்கிறேன். இடது கண் என்று ஒருவனுக்கு மட்டும்தான் எழுதினேன்.

மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வெயிலம்மாள் மட்டும் போகவில்லை. பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவனுடைய கைபேசி சட்டைப் பையில் இல்லை. அறையில் பைக்குள் இருந்திருக்கிறது. பையோடு உன்னிடம் வந்திருக்கிறது. நான் கூப்பிட்டபோது அடித்த மணி உன் வீட்டில்தான் அடித்திருக்கிறது. எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். நேரில் சொல்ல வேண்டும் என்று எழுதினாயே, அது இதுதான். நான் அதற்கு என்னென்னவோ எழுதினேன்.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. திறக்காதே என்று ஒரு பையைக் கொடுத்துவிட்டு, ஒரு பெண்ணை அதன் எதிரில் ஏழு வருஷம் உட்கார வைத்திருந்தேன். அந்த எண் வேறு ஆளுக்குப் போய்விடாமல் இத்தனை நாளும் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தவள் நீ. உனக்குத்தான் நான் நம்பிக்கையைப் பற்றி எழுதினேன். இனி அதற்குப் பணம் கட்ட வேண்டாம். நானும் சனிக்கிழமைகளில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

தங்கப்பாண்டியனுக்குச் சம்மதம் எழுதி, பொன்மணி மூலம் படமெடுத்து, தவணைக்குள் அனுப்பிவிட்டேன். அதே கல் திரும்பி வந்துவிட்டது. தை பிறந்ததும் திறப்பு. படத்துக்கு மாலை கட்டக் கோவில்பட்டியில் சொல்லியிருக்கிறேன். நானே போடுகிறேன், ஊசி நூல் பிடிக்கத்தான் கண் போதாது, மாலை போடப் போதும். இசக்கிதுரை வந்து, "தப்பா பேசிட்டேம்மா, பந்தல் என் செலவு" என்றான். சரி என்றேன்.

நீ வர வேண்டும். பொட்டு வைத்துக்கொண்டு வா, பூ வைத்துக்கொண்டு வா. யாராவது வாய் திறந்தால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். தாலியை என்ன செய்வது என்பதை நீயே முடிவு செய். என்னைக் கேட்க வேண்டாம். தனியாக வந்தாலும், துணையோடு வந்தாலும், வாசலில் நின்று உன்னை அழைத்துக்கொள்வேன்.

அவனிடம் நான் ஒன்று கேட்டிருந்தேன். நீ படித்திருப்பாய். அதற்கு நீதான் பதில் சொல்ல முடியும். பை திறந்துதான் இருக்கிறது.

அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் பைக்குள் இருந்ததா, இல்லையா? போனில் சொல்லாதே. ஒரு வரி போதும். உன் கையால் எழுதி, தபாலில் அனுப்பு.

அத்தை,
ஜானகியம்மாள்